ஆடைத் துறையின் கார்பன் உமிழ்வைக் குறைக்க டிஜிட்டல் தொழில்நுட்பம் எந்த இடத்தில் உண்மையாகப் பயன்படுகிறது?

கேள்வி (ஆடை வடிவமைப்பு மாணவி):
முப்பரிமாண மென்பொருளில் பேட்டர்னை (துணியை வெட்டுவதற்கான அளவு வரைபடத்தை) வரைந்து, திரையிலேயே தைத்து, உருவத்துக்கு அணிவித்துப் பார்க்கும் முறையைப் படித்து வருகிறேன். மாதிரி ஆடையைத் தைத்து, கூரியரில் அனுப்பி, திருத்தம் கேட்டு மறுபடியும் தைக்கும் வேலை இதனால் பெருமளவு குறைகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் மொத்த உமிழ்வில் இது கணிசமான மாற்றத்தை உண்டாக்குமா, அல்லது விளம்பரத்துக்கு மட்டும்தான் உதவுமா? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் என் ஆய்வேட்டுக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (சாயப் பிரிவுப் பொறியாளர்):
மாதிரிகளில் மிச்சமாவது உண்மைதான், ஆனால் அது சிறு பங்கு. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் குளோபல் ஃபேஷன் அஜெண்டா என்ற ஆடைத் துறை அமைப்பும் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2018இல் இத்துறை வெளியிட்ட பசுங்குடில் வாயுக்கள் சுமார் 210 கோடி டன். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் இழை உற்பத்தி, நூற்பு, நெசவு, சாயமேற்றுதல் போன்ற தொடக்கநிலைப் பணிகளிலிருந்து வந்தது. ஆகவே நீங்கள் சொல்லும் மென்பொருளைவிட, நீராவி உண்டாக்கும் பாய்லரின் எரிபொருள் செலவைக் குறைக்கிற கருவிகளைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாலியெஸ்டர் துணிக்குச் சாயமேற்றத் தண்ணீரை 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். கேட்ட ஷேடு (நிறச் சாயல்) முதல் முறையிலேயே வராவிட்டால் அந்த லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதி) முழுவதும் மீண்டும் இயந்திரத்துக்குள் போகும், அத்தனை நீராவியும் மறுபடி செலவாகும். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவியில் நிறத்தை எண்களாக அளந்து, சாயக் கலவையைக் கணினியில் கணக்கிட்டு, தானியங்கி டோசிங் (சரியான அளவில் ஊற்றும் முறை) மூலம் சேர்க்கும்போது இந்த மறுசாய வேலை வெகுவாகக் குறைகிறது. இதை யாரும் விளம்பரப் படமாக எடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மறுமொழி 2 (கொள்முதல் திட்டமிடல்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் தேவையே இல்லாத துணிக்கு எவ்வளவு சிக்கனமாகச் சாயமேற்றினாலும் அது வீண்தான். விற்பனைத் தரவைக் கொண்டு தேவையைக் கணிப்பதும், ஆர்டர் வந்தபின் டிஜிட்டல் பிரிண்டிங்கில் அச்சிட்டுத் தைப்பதும் விற்காமல் தேங்கும் சரக்கைக் குறைக்கின்றன. ஆனால் இதே உத்தி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். இணையத்தில் மலிவு ஆடை விற்கும் ஷீஇன் நிறுவனம் புதிய டிசைன் ஒவ்வொன்றையும் முதலில் 100 அல்லது 200 உருப்படிகள் மட்டுமே தைத்துப் பார்ப்பதாகக் கூறுகிறது. தேக்கம் குறையலாம், ஆனால் நாள்தோறும் குவியும் புதிய டிசைன்களும் விமானச் சரக்கும் சேர்ந்து அந்த மிச்சத்தை விழுங்கிவிடுகின்றன. எனவே ஓர் ஆடைக்கான உமிழ்வை மட்டும் காட்டும் அறிக்கையை நம்பாமல், மொத்த உற்பத்தி எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 3 (கழிவுத்துணி மறுசுழற்சி):
பயன்படுத்தி முடித்த துணியைப் பற்றியும் ஒரு சொல். அகச்சிவப்பு ஒளியால் இழையை அடையாளம் கண்டு தரம் பிரிக்கும் தானியங்கி ஆலை சுவீடனின் மால்மோ நகரில் அமைக்கப்பட்டது. ஆனால் அந்த ஒளி மேற்பரப்பைத்தான் படிக்கும். அடர்கறுப்புத் துணியும், பல அடுக்கு ஆடையும், சிறிதளவே கலந்த எலாஸ்டேன் என்ற நெகிழ் இழையும் அதை ஏமாற்றிவிடும். 2024 ஜூலை 18 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை, ஒரு பொருளின் விவரங்களைத் தாங்கும் மின்னணுப் பதிவான டிஜிட்டல் தயாரிப்புக் கடவுச்சீட்டுக்கு வழிவகுத்துள்ளது. ஆடையில் உள்ள கியூஆர் குறியீட்டிலேயே இழைக் கலவை துல்லியமாகப் பதிவாகியிருந்தால் எங்கள் வேலை பாதியாகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு தொழிற்சாலையை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் எவற்றை அளக்க வேண்டும்?

மறுமொழி 1 (சாயப் பிரிவுப் பொறியாளர்):
ஒரு கிலோ துணிக்குச் செலவான நீராவி, மறுசாயத்துக்குப் போன லாட்டுகளின் சதவீதம், பாய்லரில் எரியும் எரிபொருள் ஆகிய மூன்றையும், புதிய கருவி வருவதற்கு முந்தைய ஓராண்டுக்கும் பிந்தைய ஓராண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். முந்தைய ஆண்டின் பதிவேடு இல்லையென்றால் வேறு தொழிற்சாலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.