கேஷுவால்டி வாசலில் முதலில் நிற்பவர் யார்? பெருந்தொற்றுக் கால அனுபவங்கள்

திரியைத் தொடங்குபவர் – அவசர சிகிச்சை மருத்துவர், தென் மாவட்டம்

எங்களிடம் இப்போது இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களில் (பயிற்சி மருத்துவர்கள்) பலர் 2020இல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். 'பெருந்தொற்றும் அவசரப் பிரிவும்' என்று அவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்லைடு போட உட்கார்ந்தால், வழிகாட்டு நெறிமுறைகளில் இல்லாத விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அதற்காகத்தான் இந்தத் திரி. உள்ளே வேலை பார்த்தவர்கள், நோயாளியாக வந்தவர்கள், வெளியே காத்து நின்றவர்கள் எல்லோரும் எழுதுங்கள். மருத்துவமனைப் பெயர், ஆள் பெயர் மட்டும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன்.

மார்ச் 2020இல் டாக்டர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜனவரி 30ஆம் தேதியே கேரளாவில் முதல் நோயாளி உறுதியாகிவிட்டார். வைரஸின் படம் முதல் நுரையீரல் சி.டி. வரை எல்லாம் எங்கள் வாட்ஸ்அப்பில் இருந்தது. ஆனால் அவ்வளவு விவரத்திலிருந்தும் கேஷுவால்டிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு கேள்விதான்: "வெளிநாடு போயிட்டு வந்தீங்களா?" இல்லை என்றால் வழக்கமான வார்டு. பரிசோதனை விதியும் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டுப் பயணம் இருக்க வேண்டும், அல்லது நோய் உறுதியானவரோடு தொடர்பு இருக்க வேண்டும். கடுமையான மூச்சுத் தொற்றோடு அனுமதியாகும் எல்லோருக்கும் ஸ்வாப் எடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது மார்ச் 20ஆம் தேதிதான். மார்ச் 25ஆம் தேதி மதுரையில் மாநிலத்தின் முதல் கொரோனா மரணம். அவர் வெளிநாட்டுக்கே போகாதவர்.

அதற்குப் பிறகு கேள்விகள் மாறின. வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல்? பத்து நாளில் ஏதாவது கல்யாணம், துக்கம் என்று போனீர்களா? வாசனை தெரிகிறதா? இவற்றைக் கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை.

அப்புறம் அந்த 'லேசா அசதி' ஆட்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து, நின்றபடி பேசுவார்கள். ஆக்சிமீட்டரை மாட்டினால் ரத்த ஆக்சிஜன் 74 என்று ஆபத்தான அளவில் காட்டும். மெஷின் கோளாறு என்று வேறு விரலுக்கு மாற்றிப் பார்ப்போம், மறுபடி 74. பார்வைக்குத் தெம்பாக இருப்பவரை வரிசையில் உட்காரவைப்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தை உடைக்க, கதவுக்கு வெளியே ஒரு மேசை, ஓர் ஆக்சிமீட்டர், ஒரு சிஸ்டர் என்று போட்டோம். விபத்து நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை இங்கே அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருந்ததால் இது சீக்கிரம் பிடிபட்டது.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. நோயாளியை முதலில் பார்ப்பவர் செக்யூரிட்டி. முதலில் தொடுபவர் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அட்டெண்டர். பி.பி.இ. (பாதுகாப்பு உடை) வகுப்பு மட்டும் டாக்டர்களுக்கு! மார்ச் 23ஆம் தேதி, சுகாதாரப் பணியாளர்கள் முன்தடுப்பாக ஹைட்ராக்சிகுளோரோகுவின் சாப்பிடலாம் என்று அறிவிப்பு வந்தது. அந்த மாத்திரை எங்கள் கைக்கு வந்த வேகத்தில் உடையைக் கழற்றும் பயிற்சி வரவில்லை. போடுவதில் ஆபத்து குறைவு, கழற்றும்போதுதான் தொற்று ஒட்டும். கையுறை முதலில், மாஸ்க் கடைசியில், நடுவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கை சுத்தம். இதைத் துப்புரவுப் பணியாளர் அக்காக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், தானே யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு சிஸ்டர்.

108 ஆம்புலன்ஸ் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்), வட மாவட்டம்

சார், நாங்கள் உங்கள் வாசலுக்கு வெளியே இருந்தவர்கள். மே 2021 பற்றிச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் பாசிட்டிவ் வந்த மாதம் அது. உள்ளே பெட் காலியாகும் வரை நோயாளி எங்கள் வண்டியில்தான். வண்டிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் சிலிண்டர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

கணக்கு எளிதுதான். 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் 1500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடத்தில் காலி. கேஜ் பாதியில் நின்றால் 50 நிமிடம். இது தெரிந்த டாக்டரும் உண்டு, தெரியாத டாக்டரும் உண்டு.

ஒரு ராத்திரி மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் ஒருவர், சின்னப் பெண், நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டி வண்டியாக ஏறினார். வயசு என்ன, சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன்) எவ்வளவு என்று எல்லோரும் கேட்பதைக் கேட்டார். அதோடு, "கேஜ் எவ்வளவு காட்டுதுண்ணா?" என்றும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே எடுத்தது வந்த வரிசைப்படி இல்லை. யாருக்கு மோசமோ, யாருடைய சிலிண்டர் முதலில் தீருமோ, அந்த வரிசை. முன்னால் வந்த வண்டிக்காரர்களோடு பெரிய சண்டை. நோயாளியின் சொந்தக்காரர் ஒருவர் டாக்டர் கையிலிருந்த நோட்டையே பிடுங்கினார். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. நோட்டைத் திரும்ப வாங்கி, அவருக்கே கணக்கைப் போட்டுக் காட்டி, "உங்க அப்பாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு, அந்தம்மாவுக்கு இருபது நிமிஷம்தான்" என்றார். எங்கள் பைலட் (வண்டி டிரைவர்) அண்ணன் அன்றிலிருந்து அவரை 'கலெக்டர்' என்றுதான் சொல்வார்.

ஆக்சிஜன் குழாய்ப் பராமரிப்பு, கொங்குப் பகுதி

அந்த நோட்டுக்காரப் பெண் எங்கள் ஊருக்கும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரவ ஆக்சிஜன் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 860 லிட்டர் வாயு. டேங்க் நிறைய இருந்தாலும் வார்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் அதிகம் இழுத்தால், திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர் பனி பிடித்துக் கெட்டியாகிவிடும், அழுத்தம் விழும். நாங்கள் ராத்திரியெல்லாம் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்தோம். மேலே டாக்டர்கள் "டேங்க்ல எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் போன் போட்டுக் கேட்பார்கள். எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்று கேட்டவர் ஒரே ஒரு மயக்க மருந்து டாக்டர். அவர் சொல்லித்தான், நோயாளி சாப்பிட மாஸ்க்கைக் கழற்றும்போது ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் ஓட்டத்தைத் திறந்து மூடும் கருவி) மூடும் பழக்கம் வார்டில் வந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அழுத்தம் நிஜமாகவே தாங்கியது.

செவிலியர், சிங்கப்பூர்

இங்கே நிலைமை வேறு. அதற்குக் காரணம் 2003. சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று அப்போது சிங்கப்பூரில் 238 பேரைப் பிடித்தது, 33 பேர் இறந்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் மருத்துவமனைக்காரர்கள் ஏராளம். நான் வேலைக்குச் சேரும்போது அது பழைய கதை. ஆனாலும் சீனியர் சிஸ்டர்கள் அதை நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள்.

என்-95 மாஸ்க் பொருத்தச் சோதனை எங்களுக்கு சாதாரண நடைமுறை. மாஸ்க் போட்டுக்கொண்டதும் தலைக்கு மேல் ஒரு கூண்டு மாதிரி மாட்டி, உள்ளே கசப்புத் திரவத்தைத் தெளிப்பார்கள். தலையை ஆட்டி, பேசி, குனிந்து காட்ட வேண்டும். வாயில் கசப்பு தெரிந்தால் அந்த மாஸ்க் உங்கள் முகத்துக்கு ஆகாது, வேறு அளவு, வேறு மாடல். தாடி வைத்திருந்தால் மாஸ்க் சரியாக ஒட்டாது. இதற்காகத் தாடியை எடுத்த டாக்டர்களை எனக்குத் தெரியும் (ஒருவரை வார்டிலேயே அடையாளம் தெரியாமல் போனது தனிக்கதை).

பிப்ரவரி 7, 2020 அன்று எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தினார்கள். எங்கள் அவசரப் பிரிவில் காய்ச்சல்காரர்களுக்குத் தனி வழி பிரிந்தது, எங்கள் உடல் வெப்பநிலையைக் குறித்துவைப்பது ஆரம்பித்தது. யாரும் பெரிதாகப் பதறவில்லை. தமிழ்நாட்டில் அப்போது ஹவுஸ் சர்ஜனாக இருந்த என் தங்கையிடம் போனில் கேட்டேன், "உன் மாஸ்க் எந்த அளவு?" என்று. "கொடுக்கிற அளவுதான் அக்கா" என்றாள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனை இவ்வளவு தயாராக இருந்தும், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தங்கும் விடுதிகளில் ஏப்ரலில் தொற்று பரவியது. தயார்நிலை மருத்துவமனைச் சுவரோடு நின்றுவிட்டது என்பது என் கருத்து.

நோயாளியின் மகன், சென்னை

நான் மருத்துவத் துறை இல்லை. 2021 மே. அப்பாவுக்கு சாச்சுரேஷன் 86. முதலில் போன தனியார் மருத்துவமனை, ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவு இல்லாமல் உள்ளே விடவே மாட்டோம் என்றது. காரிலேயே அடுத்த இடத்துக்குப் போனோம். அங்கே டூட்டி டாக்டர் ரிப்போர்ட்டே கேட்கவில்லை. ஆக்சிஜன் வைத்தார், அப்பாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார். தொப்பை இருக்கிறது, எப்படி என்றேன். இரண்டு தலையணை எடுத்து மார்புக்கும் இடுப்புக்கும் கீழே வைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் 93.

ஊரே ரெம்டெசிவிர் வரிசையில் நின்ற நேரம் அது. நானும் போகவா என்று கேட்டேன். "அது உயிரைக் காப்பாத்தும்னு நிரூபணம் இல்ல தம்பி. ஆக்சிஜன் தேவைப்படுற உங்க அப்பாவுக்கு இந்த சில ரூபாய் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டுதான் முக்கியம். நீங்க வரிசையில நின்னு வாங்கிட்டு வரப்போறது கொரோனாவைத்தான்" என்றார். கடுப்பாகத்தான் இருந்தது. அப்பா இப்போது வீட்டில் சீரியல் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னைக் கடுப்பேற்றுகிறார்.

மருத்துவர், கோவை

மேலே சொன்ன டெக்ஸாவுக்கு ஒரு பின்குறிப்பு. ஜூன் 2020இல் வந்த 'ரிகவரி' என்ற மருந்து ஆய்வின்படி, வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் அது மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. இந்தக் கடைசி வரியைப் பலர் படிக்கவில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்த சீட்டுகளோடு, சர்க்கரை 400க்கு மேல் ஏறி வந்தவர்களைப் பார்த்தேன். அப்புறம் கருப்புப் பூஞ்சையும் வந்தது.

திரியைத் தொடங்கியவர் சொன்ன "வீட்டில் வேறு யாருக்கு?" என்ற கேள்விக்கு மே 2018 கோழிக்கோடு நல்ல உதாரணம். சில நாள் முன்பு ஒருவர் இறந்த அதே வீட்டிலிருந்து, அவருடைய சகோதரர் மூளைக்காய்ச்சலோடு வந்தார். ஒரே வீட்டில் இரண்டாவது ஆளா என்று டாக்டர்கள் அங்கேயே நின்று யோசித்ததால்தான் மாதிரி மணிப்பால் ஆய்வகத்துக்குப் போய், நிபா வைரஸ் என்று தெரிந்தது. அந்த முறை 17 பேர் இறந்தார்கள். முதல் நோயாளியைப் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர்.

டிசம்பர் 27, 2022 அன்று நாடு முழுக்க கொரோனா ஒத்திகை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் பார்த்த இடத்தில் ஆக்சிஜன் பிளாண்ட் ஓடுகிறதா, வென்டிலேட்டர் ஓடுகிறதா என்று பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நோயாளிகளைத் தரம் பிரிக்கும் ட்ரையாஜ் மேசையில் யாரும் உட்காரவில்லை.

திரியைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. வகுப்பை மாற்றிவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் அரங்கில் இல்லை, வாசலில். செக்யூரிட்டி, அட்டெண்டர், துப்புரவுப் பணியாளர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் எல்லோரும் ஒன்றாக. சிலிண்டர் கணக்குக்கு 108 நண்பரையே கூப்பிடப் போகிறேன், அனுமதிக் கடிதம் யாருக்கு எழுத வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) ஒரு கேள்வி கேட்டார்: அந்தக் கசப்புத் திரவச் சோதனைக்கான கிட் இங்கே எங்கே கிடைக்கும், என்ன விலை? வாங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.