ஸ்டெயின் ஏற்றத் துணியா, பிரஷ்ஷா, ஸ்ப்ரேயா? பேலட் மேசையும் எர்ணாவூர்க் கதவும்

தண்டையார்பேட்டை_மாடி:
வணக்கம். கையில் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் கழித்துப் போட்ட, சரக்கு அடுக்குகிற பேலட் கட்டைகளை வாங்கி, எங்கள் தெரு ஆசாரி இழைத்துச் செய்துகொடுத்த படிப்பு மேசை. பைன் மரம், வெளிறிய நிறம். பையனின் அறைக்குப் போகிறது. இரண்டாவது, எர்ணாவூரில் அம்மா வீட்டு வாசல் கதவு. நல்ல தேக்கு, ஆனால் காலங்காலமாகப் பச்சை எனாமல் பூசிப் பூசி மரமே தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வீட்டுக்குள் வந்த எண்ணெய், அதன் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போயிருக்கிறது.

இரண்டையும் ஸ்டெயின் (மரத்துக்குள் இறங்கி நிறம் கொடுக்கும் திரவம்) ஏற்றி, கரும்பழுப்பான வால்நட் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாரிமுனையில் ஒரு கடைக்காரர் பிரஷ் என்கிறார், பக்கத்துக் கடைக்காரர் பனியன் துணி போதும் என்கிறார், இன்னொருவர் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள் என்கிறார். நானேதான் செய்யப்போகிறேன். மொட்டை மாடியில் ஷீட் போட்ட இடம் இருக்கிறது. மழை தொடங்குவதற்குள் முடிக்க ஆசை. எதை எடுப்பது?

வண்ணை_பட்டறை:
துணிதான் தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். மரத்துக்குள் இறங்கிய ஸ்டெயின்தான் நிறம். மேலே தங்கியது எல்லாம் வேண்டாத சரக்கு, துடைத்து எடுத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் காயாமல் பிசுபிசுவென்று கிடக்கும், அதன் மேல் அடிக்கிற சீலர் பூச்சு தோல் தோலாக உரியும். எப்படியும் துணியால் துடைக்கப்போகிறோம், ஏற்றுவதையும் துணியாலேயே ஏற்றினால் என்ன?

பலமுறை துவைத்த வெள்ளைப் பனியன் துணி எடுங்கள். நூல் பிரியக் கூடாது. சாயத் துணி எடுத்தால் தின்னர் பட்டதும் அதன் சாயம் மரத்தில் இறங்கிவிடும். உருண்டையாகச் சுற்றி நனைத்து, முதலில் வட்டமாகத் தேய்த்துத் துளைகளில் இறக்குங்கள். அப்புறம் ரேகை ஓடுகிற திசையில் நீளமாக இழுங்கள். பிரஷ் போட்டால் மூலைக்கு மூலை குளம் கட்டும். எங்கள் பட்டறையில் கடைசல் காலுக்கும் சித்திர வேலைக்கும்தான் பிரஷ் எடுப்போம்.

பெரம்பூர்_மரவேலை:
ஐயா, துடைக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஏற்றுவதும் துணியால்தான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்கிய ஸ்டெயினில் ஒரு பங்கைத் துணியே குடித்துவிடும். மேசைப் பலகை பெரியது. பாதியில் துணி உலர்ந்தால் அந்த இடத்தில் நிறம் குறையும், மறுபடி நனைத்து வைத்த இடத்தில் திட்டாக ஏறும். பிரஷ்ஷால் தாராளமாக நனைத்து, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு, பிறகு துடைத்தால் மரம் எல்லா இடத்திலும் ஒரே அளவு நேரம் குடித்திருக்கும். பழகாத கைக்கு இதுதான் பத்திரம். அக்கா பட்டறைக்காரர் இல்லை, அவருக்கு உங்கள் கை வராது.

இன்னொன்று, இது வீட்டு மாடி, மேசை பையனின் அறைக்குப் போகிறது. அதனால் நான் தண்ணீரில் கரைகிற ஸ்டெயினைத்தான் சொல்வேன். அதற்கு நைலான் பிரஷ் வேண்டும். பன்றி மயிர் பிரஷ் தண்ணீரைக் குடித்து விரிந்து தொங்கிவிடும். எண்ணெய் ஸ்டெயின் என்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள், அங்கே பன்றி மயிர்தான் நன்றாக ஓடும். ஸ்பாஞ்ச் பிரஷ் மலிவு, தண்ணீர் ஸ்டெயினுக்குப் போதும். தின்னர் கலந்த சரக்கில் வைத்தால் கரைந்துவிடும்.

தண்ணீர் ஸ்டெயினில் ஒரு வேலை கூடும். ஈரம் பட்டதும் மரத்தின் நார் எழும்பி மேற்பரப்பு சொரசொரப்பாகும். அதனால் ஸ்டெயினுக்கு முன்பே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட வேண்டும்.

மாதவரம்_ஸ்ப்ரே:
இருவரும் தேக்கை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். மேசை பைன். அதில் ரேகைக்கு ரேகை அடர்த்தி மாறும். வசந்தத்தில் வளர்ந்த பகுதி மெத்தென்று இருக்கும், பிந்தி வளர்ந்த கோடு கெட்டியாக இருக்கும். மெத்தென்ற இடம் ஸ்டெயினை அள்ளிக் குடிக்கும், கெட்டிக் கோடு வாங்கவே வாங்காது. மரத்தில் வெளிறி இருந்த இடம் கறுத்து, கறுத்திருந்த கோடு வெளிறி, ரேகையே தலைகீழாகிவிடும். போதாக்குறைக்கு ஆங்காங்கே மேகம் மேகமாகத் திட்டு. பிரஷ்ஷால் ஊறவைத்தால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் குடிக்கிற இடத்துக்கு நேரம் கொடுக்கிறீர்கள்.

வழி ஸ்ப்ரேதான். சாய ஸ்டெயினை நீர்க்கக் கலந்து, மெல்லிய பனியாக இரண்டு மூன்று முறை அடித்தால், ஊறுவதற்குள் காய்ந்துவிடும். துடைக்கவே தேவையில்லை. மாடுலர் கிச்சன் கதவுகளில் பலகைக்குப் பலகை ஒரே நிறம் வருவது இப்படித்தான்.

கொருக்குப்பேட்டை_வாசி:
நான் மரவேலைக்காரன் இல்லை, மாடிவாசி. தண்டையார்பேட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்தால் மதியக் கடல்காற்றில் அது எங்கே போகும்? அடுத்த வீட்டுத் துணிக்கொடிக்குத்தான். ஒரு மேசைக்காகக் கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் தேடி அலைவதும் நியாயமாகப் படவில்லை.

அப்புறம், பேலட்டில் இருந்த முத்திரையை யாராவது பார்த்தீர்களா? ஏற்றுமதி இறக்குமதிக் கட்டைகளில் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையடித்தது, அந்தக் கட்டை வீட்டுக்குள் வேண்டாம். ரசாயனம் ஏதும் கொட்டி ஊறிய கறை தெரிந்தாலும் அந்தப் பலகையைத் தள்ளிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_மாடி:
இழைப்பதற்கு முன்பே பார்த்தோம், எல்லாம் எச்.டி. முத்திரைதான். கறை இருந்த இரண்டு பலகையை ஆசாரியே ஒதுக்கிவிட்டார். ஸ்ப்ரே எனக்கு ஆகாது, அண்ணா. திட்டு விழும் என்று நீங்கள் சொல்வது கவலையாக இருக்கிறது. கையால் செய்தால் தப்பவே முடியாதா?

வண்ணை_பட்டறை:
முடியும். திட்டு விழாமல் பார்த்துக்கொள்ள ஸ்ப்ரே வருவதற்கு முன்பே வழி இருந்தது. அரக்குத் தண்ணி என்போம். மெழுகு நீக்கிய அரக்குச் செதிலை 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 முதல் 120 கிராம் வரை போட்டு, ஓர் இரவு கரையவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். அதை மேசை முழுக்க ஒரே ஒரு கை மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்ததும் 320 நம்பர் தாளால் தொட்டும் தொடாமலும் ஓட்டுங்கள். மெத்தென்ற இடத்தின் வாயை அது பாதி அடைத்துவிடும், ஸ்டெயின் ஒரே சீராக ஏறும். நிறம் சற்று வெளிறித்தான் வரும், வேண்டுமானால் இன்னொரு கை ஏற்றிக்கொள்ளலாம்.

பலகையின் முனைகளைக் கூடுதல் நம்பர் தாளால் தேயுங்கள். மரத்துக்குள் ஓடும் குழாய்களின் வாய் திறந்திருக்கிற இடம் அது, அப்படியே விட்டால் கரியாகக் கறுக்கும். மற்ற இடத்தில் 180 வரை போதும். வழவழப்புக்கு ஆசைப்பட்டு 400, 600 என்று போனால் மரத்தின் துளை அடைபட்டு ஸ்டெயின் பிடிக்காது.

பெரம்பூர்_மரவேலை:
அரக்குத் தண்ணி நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐயா ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் மேல் ஸ்பிரிட் ஸ்டெயின் போட்டால் ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும், பூசியதே வீண். நம் கடைகளில் சின்னப் பாட்டிலில் கொடுப்பதில் பல சரக்கு ஸ்பிரிட்டிலோ தின்னரிலோ கரைகிற வகைதான். டப்பாவில் எதில் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள் அக்கா. அரக்குத் தண்ணிக்கு மேல் தண்ணீர் ஸ்டெயின் அல்லது எண்ணெய் ஸ்டெயின்தான் சரி.

தின்னர் ஸ்டெயினைக் கையால் ஏற்றுவதே பெரிய பலகையில் சிரமம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை காய்ந்துவிடும். ஈர ஓரம் காய்ந்த ஓரத்தின் மேல் ஏறுகிற இடத்தில் கோடு விழும், அந்தக் கோட்டை அப்புறம் அழிக்க முடியாது.

வண்ணை_பட்டறை:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோட்டுக்குக் காரணம் ஏற்றுகிற வேகம். நனைந்த துணியோடு ஒரே மூச்சில் போகிறவனுக்குக் கோடு விழாது.

பெரம்பூர்_மரவேலை:
உங்களுக்கு விழாது. வீட்டில் முதன்முறை செய்கிறவருக்கு விழும். அவருக்குத் தகுந்ததைத்தானே சொல்ல வேண்டும்?

மாதவரம்_ஸ்ப்ரே:
ஸ்ப்ரே வேண்டாம் என்றால் சரி, விடுகிறேன். மேலே இரண்டு பாக பி.யூ. (கடினமாக்கி கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பூச்சு) அடிக்கிற எண்ணம் இருந்தால் அதையாவது மாடியில் அடிக்காதீர்கள் அக்கா. அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதைத் தடுக்காது, ஆஸ்துமா வரை கொண்டுபோய்விடும். தண்ணீர் வார்னிஷ் போதும்.

கதவு விஷயத்துக்கு யாரும் வரவில்லையே. பச்சை எனாமல் பல அடுக்கு என்கிறார். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதியே 2016இல் அறிவித்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. பெயின்ட் ரிமூவர் பூசி, ஊறியதும் சுரண்டி எடுங்கள், மிச்சத்தை ஈரம் வைத்துத் தேயுங்கள். பையனை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பெரம்பூர்_மரவேலை:
சுரண்டியபின் இரும்புக் கம்பளியால் தேய்க்கச் சொல்வார்கள், செய்ய வேண்டாம். அதன் துகள் துளையில் தங்கி, ஈரம் பட்டதும் கறும்புள்ளியாகும். எர்ணாவூர்க் காற்றில் உப்பு வேறு. பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் போதும்.

வண்ணை_பட்டறை:
கதவில் எண்ணெய் ஊறிய இடம்தான் பெரிய தலைவலி. நாம் பூசுகிற ஆளி எண்ணெய் காற்றுப் பட்டுக் காயும். வெள்ளத்தில் வந்தது காயாத எண்ணெய். அது உள்ளே இருக்கும்வரை எந்த ஸ்டெயினும் பிடிக்காது, எந்த வார்னிஷும் நிற்காது. தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. பிறகு சாக்பவுடரைத் தின்னரில் குழைத்து அப்பி, காயவிட்டு உதிருங்கள், எண்ணெயை இழுத்து வரும். துணியில் கறை வராதவரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

அப்படியும் போகாவிட்டால் கீழ்க்குறுக்குச் சட்டத்தை மாற்றிவிடலாம். மேலே உள்ள தேக்குக்கு ஸ்டெயினே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்த நிறத்துக்கு மேல் வால்நட் எதற்கு?

தண்டையார்பேட்டை_மாடி:
அந்தச் சட்டத்தை மாற்ற அம்மா சம்மதிக்க மாட்டார், ஐயா. அப்பா வாங்கிப் போட்ட கதவு. கறை தெரியாமல் போக வேண்டும் என்றுதான் கரும் நிறம் கேட்டேன்.

பெரம்பூர்_மரவேலை:
அப்படியென்றால் வால்நட் சரிதான். எண்ணெய் எடுத்த இடமும் எடுக்காத இடமும் வேறு வேறாக வாங்கும், அடர் நிறத்தில் வித்தியாசம் குறைவாகத் தெரியும். கதவுக்கு எண்ணெய் ஸ்டெயினும் துணியும். இதில் ஐயா சொல்வதுதான் சரி. தேக்கு தானே எண்ணெய்ப்பசை உள்ள மரம், ஏற்றுவதற்கு முன் ஒருமுறை தின்னரால் துடைத்துவிடுங்கள். நின்ற கதவில் ஸ்டெயின் வழியும், கழற்றிப் படுக்கவைத்துச் செய்யுங்கள்.

அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் ஸ்டெயினில் இருக்கிற ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

கொருக்குப்பேட்டை_வாசி:
கதவை மழைக்காலத்தில் கழற்றுவதா? ஐப்பசி, கார்த்திகையில் எர்ணாவூர் வாசலில் கதவில்லாமல் யார் இருப்பது?

தண்டையார்பேட்டை_மாடி:
கதவைத் தை மாதத்துக்குத் தள்ளிவிடுகிறேன். மேசையை இப்போது செய்கிறேன்: அரக்குத் தண்ணி, தண்ணீர் ஸ்டெயின், நைலான் பிரஷ், பனியன் துணியால் துடைப்பு. வண்ணை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

வண்ணை_பட்டறை:
இதில் கோபம் என்ன தங்கச்சி? துடைக்கிறாய் அல்லவா, போதும். காலையிலேயே ஆரம்பித்துவிடு. ஷீட் சூடான பிறகு தொட்டால் பிரஷ் நகர்வதற்குள் காயும். பலகை சேர்த்த இடங்களில் ஃபெவிகால் வழிந்து காய்ந்திருந்தால் அங்கே ஸ்டெயின் ஏறாமல் வெள்ளையாக நிற்கும், ஈரத்துணியால் துடைக்கும்போதே கண்ணுக்குத் தெரியும், அங்கேயே சுரண்டிவிடு. மிச்சம் விழுந்த பேலட் துண்டில் முதலில் எல்லாவற்றையும் செய்து பார். பாதித் துண்டுக்கு வார்னிஷும் அடி. காய்ந்த ஸ்டெயின் மங்கலாகத்தான் இருக்கும், வார்னிஷ் பட்டதும் வருகிற நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணு.