புதுப்பிப்பு: குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள கைக்கடிகாரம்) இன்ஜின் (உள்ளே ஓடும் இயந்திரம்) மாற்றம் பற்றிய முந்தைய இழையில் ஒரு திருத்தம்

"குரோனோகிராஃபைத் தொடர்ந்து ஓடவிட்டு வைக்காதீர்கள்" என்று போன இழையில் பொதுவாக எழுதியது சரியில்லை. அது, ஸ்டாப்வாட்ச் பகுதியை ஓடும் இன்ஜினோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்சைப் பொறுத்தது.

பக்கவாட்டு கிளட்சில், ஓடிக்கொண்டிருக்கும் பல்சக்கரத்தோடு இன்னொன்று வந்து கோக்கிறது. பல் பல்லில் மோதினால் வினாடி முள் தொடக்கத்தில் துள்ளும். கூடுதல் சுமையால் நேரத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும் வீச்சும் குறையும். செங்குத்து கிளட்ச் காரில் இருப்பதுபோல் உராய்வுத் தட்டால் பிடிப்பது. துள்ளல் கிடையாது, ஓடவிட்டாலும் வீச்சு பெரிதாக இறங்காது.

ரோலெக்ஸ் டேடோனா 2000-இல் ஜெனித் நிறுவன இன்ஜின் அடிப்படையை விட்டுச் சொந்த 4130 இன்ஜினுக்கு மாறியபோது வந்தது இந்த செங்குத்து கிளட்ச்தான். முழுதாகச் சாவி ஏறினால் 72 மணி நேரம் ஓடும் இருப்பும் அப்போதே. 2023-இன் 4131-லும் அதே 72. ஆகவே 4130 நன்றாக ஓடினால் இன்ஜினுக்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 1861 இன்ஜினிலிருந்து 3861-க்குப் போனால் கோ-ஆக்சியல் (பேலன்ஸ் சக்கரத்துக்கு உந்துதல் தரும், உராய்வு குறைந்த அமைப்பு), 15,000 காஸ் காந்தத் தாங்குதிறன், நேரம் வைக்கையில் நிற்கும் வினாடி முள், 48-க்குப் பதில் 50 மணி நேர இருப்பு கிடைக்கும். கிளட்ச் மட்டும் பழையபடி பக்கவாட்டுதான்.

கடலோர ஊரான குளச்சலில் இருந்து ஒரு அண்ணாச்சி உப்புக்காற்றைப் பற்றிக் கேட்டிருந்தார்: எந்த இன்ஜினானாலும் உப்புக்காற்று முதலில் பிடிப்பது பட்டன் கேஸ்கெட்டை (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). அழுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லாதவரை தண்ணீருக்குள் பட்டனை அழுத்தவே கூடாது. கடற்கரைக்குப் போய்வந்தால் ஈரத்துணியால் பட்டன் இடுக்கைத் துடையுங்கள். ஆண்டுக்கொருமுறை, இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்பே, பிரஷர் டெஸ்ட் (நீர் புகுமா என்று பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள்.