பழைய யுரேனியம் ஆலை நிலத்தில் துரு காவல் காக்குமா?

செம்மண்காரன்:
பி.எஸ்சி. புவியியல் இரண்டாம் வருஷம், அடுத்த வாரம் செமினார். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றங்கரையில் ரைஃபிள் என்று ஒரு ஊர், பழைய யுரேனியம் ஆலை இருந்த இடம். கழிவு மணலை 1990-களிலேயே அள்ளிவிட்டார்கள், ஆனாலும் நிலத்தடி நீரில் யுரேனியம் இருக்கிறது. மண்ணிலுள்ள இரும்புத் தாது யுரேனியத்தைப் பிடித்துவைக்கும் என்று படித்தேன். பிடித்துவைத்தால் தண்ணீரில் எப்படி வருகிறது? காந்தம் மாதிரியா?

கிணத்துமேடு:
காந்தமெல்லாம் இல்லை தம்பி. போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வை, முதலில் தெளிவாக இருக்கும், காலையில் பார்த்தால் அடியில் காவி வண்டல். காற்று பட்டு இரும்பு துருவாகி இறங்குகிறது. அந்த மாதிரி புதுத் துருவில் ஒரு வகைதான் ஃபெர்ரிஹைட்ரைட். துகள் அவ்வளவு பொடி என்பதால் ஒரு கிராமின் பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும், நடுநிலைக்குப் பக்கத்திலுள்ள தண்ணீரில் யுரேனைல் அயனி, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் யுரேனியம், அதன்மேல் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் கார்பனேட்டும் கால்சியமும் அதிகமாக இருந்தால் யுரேனியம் அவற்றோடு சேர்ந்துகொள்ளும், துருவைச் சீண்டாது. உன் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான்.

நுண்ணுயிரி:
ரைஃபிளில் 2002-இல் செய்த சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தடியில் அசிடேட்டைச் செலுத்தினார்கள், அதாவது வினிகரில் இருக்கும் அதே சரக்கு. அதைத் தின்று ஜியோபாக்டர் பாக்டீரியா பெருகியது. நாம் மூச்சுவிட ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற மாதிரி அது துருவைப் பயன்படுத்தும்: துருவுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும், துரு கரையும்.

செம்மண்காரன்:
துருவையே கரைத்தால் ஒட்டியிருந்த யுரேனியமும் வெளியே வந்துவிடாதா?

நுண்ணுயிரி:
நல்ல கேள்வி. கொஞ்சம் வரலாம். ஆனால் அதே பாக்டீரியா யுரேனியத்துக்கும் எலக்ட்ரானைக் கொடுத்து, கரையும் ஆறு இணைதிறன் நிலையிலிருந்து லேசில் கரையாத நான்குக்கு இறக்கிவிடுகிறது. தண்ணீரில் அளவு நன்றாகவே குறைந்தது. பிறகு, பாக்டீரியாவுக்கு எட்டுகிற இரும்பு தீர்ந்து, சல்பேட்டைப் பயன்படுத்தும் வேறு கூட்டம் தலையெடுத்ததும் மறுபடி ஏறிவிட்டது! ஆக்சிஜன் உள்ளே புகுந்தாலும் இதே கதைதான்.

கிணத்துமேடு:
யூட்டாவில் மான்டிசெல்லோவில் 1999-இல் நிலத்தடி நீர் ஓடும் வழியில் இரும்புத் தூள் சுவரே வைத்தார்கள். யுரேனியத்தைப் பிடித்தது, சரி, ஆனால் சுண்ணாம்பு படிந்து சுவர் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது துரு முதிர்ந்து கோதைட், ஹேமடைட் என்ற படிக இரும்புத் தாதுக்கள் ஆகும்போது ஒரு பகுதி யுரேனியம் படிகத்துக்குள்ளேயே அடைபடுவதுதான். மேலே ஒட்டியதைத் தண்ணீர் மாறினால் கழுவலாம், உள்ளே போனதை எடுக்கப் படிகத்தையே கரைக்க வேண்டும்.

செமினாரில் பி.எச். மட்டும் போட்டு நிறுத்திவிடாதே, கால்சியமும் காரத்தன்மையும் (கார்பனேட்டைக் காட்டும் அளவு) அதே அட்டவணையில் இருக்கட்டும்.

செம்மண்காரன்:
நன்றி அண்ணா, காவி வண்டல் பக்கெட்டையே முதல் ஸ்லைடில் போடுகிறேன். எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.