ஹட்சன் கரையில் இருந்த சரக்கு ரயில் யார்டு: பார்த்ததைச் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

கரைநடை
மேன்ஹாட்டன் 69ஆம் தெரு எதிரே ஆற்றுக்குள் நிற்கிறதே, அந்தத் துருப்பிடித்த இரும்புக் கூடு. மகளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெரியவர், "அந்த வழியாகத்தான் சரக்குப் பெட்டிகள் தண்ணீரில் இறங்கும்" என்றார். மகள் சிரித்துவிட்டாள். நானும் சும்மா தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்புறம் படித்தால், அவர் சொன்னது நிஜம்! தண்டவாளம் பதித்த மிதவையில் பெட்டிகளை ஏற்றி, இழுவைப் படகு கட்டி எதிர்க்கரை வீஹாக்கனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "நீங்கள் இங்கே வேலை பார்த்தீர்களா?" என்று அவரிடம் கேட்காமல் வந்தது நான்கு வருடமாக உறுத்துகிறது.

ஓதம்
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. அங்கே ஆற்றில் கடல் ஓதம் உண்டு. நீர்மட்டத்தோடு மிதவையும் ஏறி இறங்கும். கரையிலிருந்து மிதவைக்குப் போகும் பாலத்தின் நுனியைத் தூக்கித் தாழ்த்தி, இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரத்தான் 1911இல் அந்தக் கூட்டைக் கட்டினார்கள். வெறும் துரு இல்லை. என் அனுபவம் சின்னது: பனிக்காலத்தில் அதன் கீழ் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரம் நான் அசையவில்லை.

பால்காய்ச்சல்
துருவை விடுங்கள். 59ஆம் தெருவிலிருந்து 72 வரை நியூயார்க் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தின் யார்டுதான் இருந்தது. அதே இடத்துக் கோபுரம் ஒன்றில் நண்பர் வீடு வாங்கினார். பால் காய்ச்சும்போது அவருடைய மாமியார், "இங்கே முன்னாடி என்ன இருந்தது?" என்று கேட்டார். தரகர் சொன்னதை நண்பர் அப்படியே சொன்னார்: "காலி இடம்." எனக்குப் பால் தொண்டையில் இறங்கவில்லை. 1970இல் அதன் வாரிசு நிறுவனமான பென் சென்ட்ரல் திவாலானது, 1985இல் டிரம்ப் நிலத்தை வாங்கியது என்று ஆரம்பித்தேன். என் மனைவி முறைத்தாள், நிறுத்திவிட்டேன்.

சுற்றுலா மாமா
நான் ஒரே ஒருமுறை போனேன், மழை. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: 72ஆம் தெருவில் சப்வேயை விட்டு இறங்கி மேற்கே நடங்கள். காற்று காதைப் பிய்க்கும், குல்லாய் முக்கியம். சாயங்காலம் போனால் கூட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கும், படம் நன்றாக வரும். தெற்கே 62ஆம் தெருப் பக்கம் ஒரு பழைய டீசல் எஞ்சின் நிற்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது இந்த யார்டில் ஓடியதில்லை, புரூக்ளின் கரையில் ஓடியது. கையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரைநடை
மாமா, நான் வழி கேட்கவில்லை. அந்தப் பெரியவரை யாராவது பார்த்தீர்களா?