31 வயது, 90 நாள் நோட்டீஸ், தீராத அசதி, பேசி முடிக்காத ஒரு வரன்: எதை முதலில் பார்ப்பது?

மருதாணி:

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, வாரம் ஆறு நாள். தோழிகள் இருவரோடு வாடகை வீடு. அப்பா அம்மா திண்டுக்கல்லில். மாதம் 20,000 அனுப்புகிறேன். மூன்று விஷயம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது.

வேலை: இங்கே 4 வருடம் 5 மாதம் 10 நாள் ஆகிறது. பேசிக் 30,000, கைக்கு 58,000. வேறு இடத்தில் வருடம் 12 லட்சம் சி.டி.சி. (நிறுவனம் எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்று ஆஃபர், பேசிக் அதில் பாதி. எனக்கு நோட்டீஸ் 90 நாள், அவர்கள் 45 நாளில் வரச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

உடம்பு: மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 7, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். 2.8. இரும்புச்சத்து மாத்திரை இரண்டு வாரம் போட்டேன், வயிற்றைப் புரட்டியது, விட்டுவிட்டேன். மாதவிடாய் ஏழு நாள், முதல் மூன்று நாள் அதிகம்.

மனசு: திருமணத் தளத்தில் அறிமுகமான ஒருவரோடு மூன்று மாதமாகப் பேசுகிறேன். பிடித்திருக்கிறது. விவாகரத்து ஆனவர். தீர்ப்பின் ஒரு பக்கத்தை போனில் காட்டினார். தை மாதம் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். முழுப் பேப்பரையும் கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரோ? வீட்டுக்குப் பணம் அனுப்புவதையும் இன்னும் சொல்லவில்லை.

---

பேரேடு:

வேலைக்கு மட்டும் பதில் சொல்றேன். 45 நாளுக்கு ஒப்புக்கிட்டா நீங்க இழக்கப்போறது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. யாரும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

ஐந்து வருடம் முடிஞ்சாதான் கிராஜுவிட்டின்னு பொதுவாச் சொல்வாங்க. ஆனா ஆறு நாள் வேலை இருக்கிற இடத்துல 240 நாள் வேலை செஞ்சா அது ஒரு முழு வருடத் தொடர்பணின்னு சட்டம் சொல்லுது. அதை வைச்சு 4 வருடம் 240 நாள் முடிச்சவருக்கும் ஐந்து வருடக் கணக்கு உண்டுன்னு 1998இல் சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கு. ஐந்தாவது வருடத்துல நீங்க இப்போ சுமார் 160 நாள் தாண்டியிருக்கீங்க. இன்னைக்கே ராஜினாமா கொடுத்து 90 நாளும் இருந்தா 250 பக்கம் வரும். 45 நாள்ல போனா 205தான்.

தொகை: 30,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து வருடத்தால் பெருக்குங்க. 86,538 ரூபாய். அதோட, குறையும் 45 நாள் நோட்டீஸுக்குச் சம்பளத்தையும் பிடிப்பாங்க. அது பேசிக்கிலா மொத்தச் சம்பளத்திலா என்பது உங்க பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல இருக்கும், எடுத்துப் படிங்க.

ரெண்டு எச்சரிக்கை. சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாள் 240இல் சேராது, அதனால இந்த வருட லீவ் கணக்கை முதல்ல பாருங்க. விளிம்புல நிக்காம ராஜினாமாவை ஒரு வாரம் தள்ளியே கொடுங்க. ரெண்டாவது, "ஐந்து வருடம் முழுசா ஆகலை"ன்னு சில இடங்கள்ல மறுப்பாங்க. வாயால கேட்காம மெயில்ல, அந்த வழக்கைக் குறிப்பிட்டுக் கேளுங்க. மறுத்தா தொழிலாளர் துறையின் கிராஜுவிட்டி அதிகாரிகிட்ட மனு போடலாம்.

புது இடத்துக்கு இப்படி எழுதுங்க: "என் நோட்டீஸ் 90 நாள். அதற்கு முன் வர வேண்டுமானால் நோட்டீஸ் பிடித்தமும் எனக்கு இழப்பாகும் கிராஜுவிட்டியும் ஜாயினிங் போனஸாக வேண்டும்." ஆஃபர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி. போட்ட பிறகு கேட்டா மதிப்பில்லை.

12 லட்சத்துக்கும் மயங்காதீங்க. 10 சதவீதம் வேரியபிள் (நிச்சயமில்லாத பங்கு) வைச்சிருந்தா 1,20,000 போச்சு, அது வந்தா வரும். நிறுவனத்தோட பி.எஃப். பங்கு 72,000, கிராஜுவிட்டி 28,860, குழுக் காப்பீடு 15,000ன்னு வைச்சுக்கிட்டா, சம்பளச் சீட்டுல காட்டுற மொத்தம் 9,64,140. அதுல உங்க பி.எஃப். 72,000, தொழில் வரி 2,500 போக மாதம் 74,000 சொச்சம். புது வரி முறையில இந்த அளவுக்கு வருமான வரி வராது. அதாவது உண்மையான ஏற்றம் மாதம் 16,000. அது போதுமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. எனக்குப் போதும்னுதான் தோணுது, ஆனா வேரியபிளை 5 சதவீதமாக் குறைக்கக் கேட்கலாம்.

பழைய பி.எஃப். பணத்தை எடுக்காதீங்க. ஐந்து வருடத்துக்குள்ள எடுத்தா வரி வரும், ஓய்வூதியத்துக்கான பத்து வருடச் சேவையும் அறுந்துபோகும். அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுத்து மாற்றிக்குங்க. மாற்றம் நின்னுபோற வழக்கமான காரணம், பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியாம விடுறது. கடைசிப் பங்களிப்புல இருந்து ரெண்டு மாதம் கழிச்சு அதை நீங்களே போர்ட்டல்ல பதியலாம்.

---

வேப்பம்பூ:

தைராய்டு உங்கள் பிரச்சினை இல்லை, 2.8 இயல்பான அளவு. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு இரத்தசோகை, ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலி. உங்களுடையது 7. மூச்சு வாங்குவதும் முடி கொட்டுவதும் இதோடு பொருந்துகிறது. முடிக்குத் தனியாக எண்ணெயும் சீரமும் வாங்கிக்கொண்டிருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியதற்கு அளவு காரணமாக இருக்கலாம். அட்டையில் மருந்தின் மொத்த எடையைப் பார்க்காமல் "எலிமென்டல் அயர்ன்", அதாவது அதில் உள்ள இரும்பு மட்டும், எவ்வளவு என்று பாருங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் மாத்திரையில் இரும்பு சுமார் 65தான். ஒருமுறை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து அடுத்த 24 மணி நேரத்துக்கு இரும்பு உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். அதனால் காலை ஒன்று இரவு ஒன்று போடுவதால் பலன் இரட்டிப்பாகாது, மலச்சிக்கலும் குமட்டலும்தான் கூடும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை என்ற முறை பலருக்கு ஒத்துக்கொள்கிறது, உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

நம் ஊரில் மருந்து வேலை செய்யாததற்குப் பெரிய காரணம் காபி, டீ. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் இரண்டும் வேண்டாம். பால், கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை ஆகியவையும் தடுக்கும். எலுமிச்சைச் சாறு குடித்தே ஆக வேண்டும் என்பதில்லை, காபியைத் தள்ளிவைப்பதில்தான் பலன்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் மட்டும் பாருங்கள், குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். 12ஐத் தாண்டியதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரத்தம் நிரம்பினாலும் சேமிப்பு நிரம்ப அதன்பின் மூன்று மாதம் வேண்டும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயம் வேண்டாம்.

ஓட்டை இருக்கும் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் நிரம்பாது. நாப்கினை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறதா, ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கட்டிகள் வருகின்றனவா என்று அடுத்த மாதம் குறித்துவையுங்கள். ஆம் என்றால் கர்ப்பப்பையில் நார்த்திசுக்கட்டி (ஃபைப்ராய்டு) இருக்கிறதா என்று அடிவயிற்று ஸ்கேன் தேவை.

மகப்பேறு மருத்துவரிடம் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். உறவு இருந்ததா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். பிறப்புறுப்பு வழியாக உள்வழி ஸ்கேன் செய்யலாமா, எந்தச் சோதனை வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. கல்யாணம் பற்றிய பதிலோடு நிற்காமல் உண்மை எதுவோ அதை நேராகச் சொல்லுங்கள். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்வது உங்கள் உரிமை. உறவு இருந்திருந்தால் 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை உங்களுக்கும் உரியது.

---

சுக்குமல்லி:

வெறும் வயிற்றில்தான் போடணும்னு கடைக்காரர் சொல்லியிருப்பார். உறிஞ்சுவது அப்படித்தான் நல்லா இருக்கும், சரி. ஆனா புரட்டி எடுத்து நிறுத்துறதுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுறது மேல். கொஞ்சம் குறைவா ஏறினாலும் ஏறும்.

மாதுளையையும் பீட்ரூட்டையும் நம்பாதீங்க, நிறம்தான் சிவப்பு. மாதுளையில 100 கிராமுக்கு அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம்னு ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொல்லுது. அசைவம்னா வாரம் ஒருமுறை ஈரல், சைவம்னா கீரை, கொண்டைக்கடலை, கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ. இதெல்லாம் இனி குறையாம இருக்க. ஃபெரிட்டின் 7ல இருந்து மேலே வர மாத்திரைதான்.

இன்னொன்னு. வேலை மாறும்போது கம்பெனிக் காப்பீடு பொதுவா கடைசி வேலை நாளோட நின்னுடும். நோட்டீஸ் காலத்துலயே சொந்தமா ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்க. முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதுக்கும் கிடைக்காது, அதனால கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது. இரத்தசோகை ரிப்போர்ட்டை விண்ணப்பத்துல மறைக்காம எழுதுங்க. மறைச்சா பின்னால கிளெய்மே போயிடும். அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசியாப் பாருங்க. ஒரு நாள் அறை வாடகைக்கு 5,000 வரம்பு இருக்கும்போது 10,000 அறையில படுத்தா, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணமும் பாதிதான் தருவாங்க.

---

கட்டுக்காகிதம்:

ஒரு பக்கத்தை போனில் பார்த்தது போதாது. தீர்ப்பு, தீர்ப்பாணை (டிகிரி) இரண்டின் சான்றிட்ட நகலும் வேண்டும். வழக்கின் தரப்பினரான அவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு எளிதாக வாங்கலாம். அதில் மூன்று இடத்தைப் பாருங்கள்: தீர்ப்புத் தேதி, எந்தச் சட்டப் பிரிவு, எதிர்மனுதாரர் நீதிமன்றத்துக்கு வந்தாரா.

இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு என்றால் இருவரும் சம்மதித்துப் பிரிந்தது, சிக்கல் குறைவு. மற்ற பிரிவுகளில் மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. அது கடந்த பிறகே, மேல்முறையீடு இல்லை என்றால், மறுமணம் செய்யலாம் என்கிறது அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு.

சரிபார்க்க, நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளம் போதும். நகலில் இருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) அடித்தால் வழக்கின் நிலை வரும். எண் இல்லை என்றால் மாவட்டம், நீதிமன்ற வளாகம், பெயர், வருடம் கொடுத்துத் தேடுங்கள். முடிந்த வழக்கு, நிலுவை வழக்கு இரண்டிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். நிலுவையைப் பார்க்காமல் விடுவதால்தான் ஜீவனாம்ச வழக்கும் குடும்ப வன்முறை வழக்கும் கண்ணில் படாமல் போகின்றன. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறும், இனிஷியல் முன்பின் வரும், எல்லா விதத்திலும் அடித்துப் பாருங்கள்.

---

மருதாணி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கேட்டேன், உடனே அனுப்பிவிட்டார். எதிர்மனுதாரர் வரவில்லை, ஒருதலைத் தீர்ப்பு என்று இருக்கிறது. தேதியைப் பார்த்தால் 40 நாள்தான் ஆகிறது. இது பெரிய விஷயமா?

---

கட்டுக்காகிதம்:

கேட்டதும் அனுப்பியது நல்ல அறிகுறி. தீர்ப்பைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி அவருடைய முன்னாள் மனைவி மனு போட முடியும். காலம் 30 நாள். ஆனால் சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள் ஓடத் தொடங்கும். ரத்தானால் முதல் திருமணம் மறுபடி உயிர்பெற்றுவிடும், நடுவில் செய்த திருமணம் வழக்கில் மாட்டும்.

ஆகவே சம்மன் எப்படிச் சேர்ந்தது என்று தீர்ப்பில் தேடுங்கள். அந்தப் பெண் கையிலேயே வாங்கியிருந்தால், அல்லது வக்கீல் வைத்து ஆஜராகிப் பிறகு வராமல் விட்டிருந்தால், ஆபத்து குறைவு. வெறும் பத்திரிகை விளம்பரம் மூலம் சம்மன் சேர்ப்பித்தது என்றால் குடும்ப நல வழக்கு நடத்தும் வக்கீலிடம் நகலைக் காட்டாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள். எப்படி இருந்தாலும் தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள் முடிந்ததும் இ-கோர்ட்ஸில் இன்னொரு முறை தேடுங்கள், ரத்து மனுவும் மேல்முறையீடும் இல்லை என்று தெரிந்த பிறகு நிச்சயத் தேதி குறியுங்கள். தை போய் மாசி வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

---

தாழம்பூ:

பணத்தை எப்படிச் சொல்வது என்று யாரும் எழுதவில்லை. "வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்புறேன்" என்று சொல்லாதீங்க, கொஞ்சம் என்பதை அவங்க 5,000 என்று எடுத்துப்பாங்க. "மாதம் 20,000 அனுப்புறேன், கல்யாணத்துக்குப் பிறகும் அனுப்புவேன், அப்பா மருந்துச் செலவு கூடினால் அதுவும் கூடும்" என்று தொகையோடு, நிச்சயத்துக்கு முன், அவரிடம் நேரில் சொல்லுங்க. அனுமதி கேட்கிற குரல் வேண்டாம், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமை மகளுக்கும் உண்டு என்று 2007ஆம் வருடச் சட்டமே சொல்லுது.

அதே உட்காரலில் அவர் முன்னாள் மனைவிக்கு மாதம் ஏதாவது தரணுமா, குழந்தை உண்டா, வீட்டுக் கடன் எவ்வளவு என்று நீங்களும் தொகையாகவே கேளுங்க. உங்க கணக்கை முதலில் வைத்துவிட்டுக் கேட்டால் அது விசாரணை மாதிரி இருக்காது. அவர் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை. மூன்றாவது தடவையும் அதையே சொன்னால் அதுதான் அவரோட பதில்.