மடையான் பறந்தால் இறக்கை வெளுத்துப் போகிறது: உதவி தேவை

குடமுருட்டிக்கரை:
வணக்கம். திருவையாறு பக்கம் எங்கள் ஊர். காலையில் வாய்க்கால் கரையோரம் நடக்கப் போகும்போது கேமராவையும் எடுத்துக்கொண்டு போவேன். பழைய டிஎஸ்எல்ஆர், 70-300 லென்ஸ். மீன்கொத்தி, செம்போத்து எல்லாம் நன்றாகவே விழுகின்றன. மடையான்தான் பாடாய்ப் படுத்துகிறது. வரப்பில் குந்தியிருக்கும்போது எடுத்தால் கழுத்துக் கோடுகள், மஞ்சள் கண் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. எழும்பிவிட்டால் இறக்கை முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிடுகிறது, ஓர் இறகுகூடப் பிரிந்து தெரிவதில்லை. வெள்ளைக் கொக்குக்கும் இதே கதைதான்.

ஏ மோடில் லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400 என்று நான் வைக்கிறேன். எட்டு மணி வெயிலில் ஷட்டர் வேகத்தைக் கேமரா தானாக 1/1000 நொடி என்று எடுத்துக்கொள்கிறது. ஜேபெக் மட்டும்தான். கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை சாம்பல் நிறமாகிறதே தவிர இறகு வருவதில்லை. இன்னொன்று, கொஞ்சம் கிட்டே போனாலே பறந்துவிடுகிறது. வேறு லென்ஸ் வாங்க இப்போது வசதியில்லை. என்ன செய்யலாம்?

ஏரிப்பார்வை:
ஒருமுறை வடுவூர் ஏரிக்குப் போய்ப் பாருங்கள் நண்பரே. மழைக்குப் பிறகு, குளிர்காலத்தில் போனால் வாத்துகள் நிறைய வந்திருக்கும். உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை.

மன்னை வரப்பு:
உங்கள் லென்ஸில் ஒரு குறையும் இல்லை. கேமரா படம் முழுவதையும் பார்த்துத்தான் வெளிச்சக் கணக்குப் போடுகிறது. பச்சை கட்டிய பயிர், மண் நிறத்தில் குந்தியிருக்கும் மடையான், இரண்டுமே அடர்ந்த நிறம். அதனால் 'இடம் இருட்டாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பழுப்பு முதுகுக்கு அது பொருந்திப்போகிறது. பறவை எழும்பியதும், அதுவரை மடங்கிக் கிடந்த வெள்ளை இறக்கை விரிகிறது. படத்தில் அது சிறிய இடம் என்பதால் கேமராவின் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

அதனால் எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடுக்கு வாருங்கள். அளவை மடையானிடம் எடுக்காதீர்கள், கொக்கிடம் எடுங்கள். அதே வயலில், அதே வெயிலில் வெள்ளைக் கொக்கு ஒன்று எப்படியும் நிற்கும். எஃப் 8, 1/1600, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கி அதை எடுத்துப் பாருங்கள். இது நீங்கள் இப்போது வைப்பதைவிட ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவிட்டால், வெளுத்த இடம் திரையில் மினுக்கும். கொக்கின் முதுகில் மினுக்கல் நிற்கும்வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். நின்றதும் அப்படியே விட்டுவிட்டு மடையானுக்குக் காத்திருங்கள். மேகம் வந்து வெயில் மாறினால் மட்டும் மறுபடி கொக்கைத் தேடுங்கள்.

அப்புறம், ஜேபெக்குக்குப் பதில் ரா (RAW) ஃபைலாக எடுங்கள், கேமரா பதிந்த விவரம் குறையாமல் இருக்கும். குந்தியிருக்கும் பறவை கொஞ்சம் இருட்டாக விழும், அதைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். முழுக்க வெளுத்துவிட்டதை எதை வைத்தும் மீட்க முடியாது.

வடுவூருக்குக் கட்டாயம் போக வேண்டும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த ஏரி அது. ஆனால் வாத்துகள் பெரும்பாலும் நடுத்தண்ணீரில் இருக்கும், 300 மில்லிமீட்டருக்கு ரொம்பச் சிறிதாகத்தான் விழும். இந்த லென்ஸுக்கு உங்கள் வாய்க்கால் கரைதான் சரியான இடம் என்பேன்.

நடவுக்காரி:
கிட்டே போவது பற்றி நான் சொல்கிறேன் தம்பி. ஆள் நிமிர்ந்து நேராக நடந்து வந்தால் மடையான் நிற்காது. வரும் இடத்தைப் பார்த்து வைத்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுங்கள். மடைவாய்ப் பக்கம் மீன்குஞ்சுக்காக அதுவே வரும். குறுவை நெல் அறுத்த வயலில், அடுத்த போகமான தாளடிக்கு உழவு ஓடும் நாளை விடாதீர்கள். டிராக்டர் சேற்றைப் புரட்டப் புரட்டக் கொக்கும் மடையானும் சக்கரத்துக்குப் பின்னாலேயே வரும், ஓட்டுபவரைக் கண்டு பயப்படாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். புதிதாக மண் அணைத்த வரப்பை மிதித்துவிட வேண்டாம், ஈரத்தில் உடைந்தால் தண்ணீர் நிற்காது.

கோடையில் தரிசில் நடக்கும்போது ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது வெறுந்தரையில் முட்டை வைக்கும். கல்லோடு கல்லாகக் கிடப்பது கண்ணுக்கே தெரியாது, மிதித்துவிடுவோம்.

குடமுருட்டிக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி! கொக்கிடம் அளவெடுத்துப் பார்த்தேன், 1/2000இல் மினுக்கல் நின்றது. இப்போது இறகின் நடுத்தண்டு வரை தெரிகிறது, இறக்கைக்கு அடியில் விழும் நிழல்கூட. உழவு வயலில் உட்கார்ந்ததில் லென்ஸைக் குறைக்க வேண்டிய அளவுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டன. ஒரே ஒரு சந்தேகம். ஒன்பதரைக்கு மேல், எதிர் வரப்பில் இருப்பதை எடுத்தால் எல்லாம் கலங்கலாக வருகிறது. ஷட்டர் அதே வேகம்தான். ஃபோகஸ் கெட்டுவிட்டதா?

மன்னை வரப்பு:
ஃபோகஸ் இல்லை, கானல். வெயில் ஏற ஏறத் தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்பும். சூட்டுக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்த இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வரும். சந்தேகமிருந்தால் அதே நேரத்தில் பத்தடி தூரத்தில் இருக்கும் தும்பியை எடுத்துப் பாருங்கள், கூர்மையாக விழும். எதிர் வரப்பைத் தொடர்ச்சியாக எடுத்தால் படத்துக்குப் படம் கலங்கல் மாறும். இதற்கு செட்டிங் எதுவும் கிடையாது, லட்ச ரூபாய் லென்ஸிலும் இப்படித்தான் வரும். தூரத்தில் இருப்பதை வெயில் ஏறும் முன் முடித்துவிட்டு, பிறகு கிட்டத்தில் இருப்பதை எடுங்கள். மேகம் போட்ட நாளில் கானல் குறைவு, அன்று ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கும் எடுக்கலாம்.